முதலில் சூடு, பிறகு நீர், பிறகே பால்

தாயைப் பிரிந்து தரையில் கிடக்கும் அணில் குட்டியை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள். இதற்கென்று ஒரு கூட்டமா என்று கேட்பவர்கள் ஊரில் உண்டு. அப்படிக் கேட்காமல் வந்து அமர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் இரக்கத்தைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. நான் பேச வந்தது இரக்கத்தின் வரிசையைப் பற்றி. எதை முதலில் செய்வது? எதை அடுத்துச் செய்வது? எதைச் செய்யாமலே இருப்பது? நம் வீட்டுக்கு யார் வந்தாலும் ‘சாப்பிட்டீர்களா’ என்றுதான் முதலில் கேட்கிறோம். அழுகிற பிள்ளைக்குப் பால், வாடிய முகத்துக்குச் சோறு என்று பழகிய கைகள் நம்முடையவை. அந்தப் பழக்கத்தில்தான் குளிர்ந்துபோன அணில் குட்டியின் வாயிலும் அவசர அவசரமாகப் பாலை விடுகிறோம். மறுநாள் காலையில் அது விறைத்துக் கிடக்கிறது. ‘பால்கூடக் கொடுத்தோமே, பிழைக்கவில்லையே’ என்று மனம் நொந்து மண்ணில் புதைக்கிறோம். பல வேளைகளில் அந்தப் பால்தான் அதைக் கொன்றது என்பதை நமக்கு யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன். முதலில் சூடு, பிறகு நீர், பிறகே பால். நான் இன்று பேசப்போவதெல்லாம் இந்த வரிசையைப் பற்றித்தான்.

யார் இந்த விருந்தாளி? நம் தென்னையிலும் மாமரத்திலும் ஓடுவது முதுகில் மூன்று வெள்ளைக் கோடுகள் கொண்ட அணில். தென்னிந்தியாவும் இலங்கையும்தான் இதன் தாயகம். வடக்கே போனால் ஐந்து கோடுகள் கொண்ட வேறோர் இனம். உயிரியல் அறிஞர் லின்னேயஸ் நம் மூவரி அணிலுக்கு அறிவியல் பெயர் வைத்தது 1766-இல். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தொல்காப்பிய மரபியல் இதை மூன்று வரிகளோடு சேர்த்துக் குறித்துவைத்திருக்கிறது. குறுந்தொகையில், ஆட்கள் போய்விட்ட வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுவதைப் பாடிய புலவருக்கு அணிலாடு முன்றிலார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. சேது கட்டிய கதை உங்களுக்கே தெரியும், அதை நான் சொல்லப்போவதில்லை. நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். இது எங்கோ மலைக்காட்டில் வாழும் பிராணி அல்ல. நம் கூரை இடுக்கில், ஏசி பெட்டியின் பின்புறத்தில், மீட்டர் பெட்டியின் மேலே, கொல்லைத் தென்னையின் மட்டைச் சந்தில் தேங்காய் நாரும் பஞ்சும் நூலும் சேர்த்துக் கூடு கட்டி, நம்மோடு ஒரே மனையில் குடியிருக்கிற உயிர். வளர்ந்த அணிலின் எடையே ஏறக்குறைய நூறு கிராம்தான். ஏறத்தாழ 34 நாள் கருவைச் சுமந்து, ஓர் ஈற்றில் இரண்டு மூன்று குட்டிகளைப் போடுகிறது. பிறக்கும்போது அவற்றுக்கு மயிர் இல்லை, கண் திறக்கவில்லை, காதும் மூடியிருக்கிறது. பத்து வாரம் வரை தாயை நம்பித்தான் அவற்றின் பிழைப்பு.

இங்கேயே ஒரு மறுப்பு எழும். ‘கூட்டிலிருந்து விழுவதும் சாவதும் இயற்கை. காக்கைக்கும் செம்போத்துக்கும் அது இரை. நாம் ஏன் குறுக்கே போக வேண்டும்?’ நியாயமான கேள்வி, எளிதில் தள்ளிவிட முடியாது. பெருங்காட்டில் ஒரு குட்டி விழுந்தால் நானும் இதையே சொல்வேன். ஆனால் நம் வாசலில் கிடக்கும் குட்டி எப்படி அங்கே வந்தது என்று கேட்டுப் பாருங்கள். தென்னையில் மட்டை கழித்தபோது கூடு சரிந்தது. மின்கம்பிக்கு இடைஞ்சலென்று கிளை வெட்டியபோது கூடு கீழே வந்தது. ஏசி பழுதுபார்க்க வந்தவர் குப்பை என்று நினைத்து நார்க்கட்டைத் தூக்கி வெளியே போட்டார். தாய் மின்கம்பியில் அடிபட்டு இறந்தது. நாம் சோறு வைத்து வளர்க்கும் பூனை கவ்விக்கொண்டு வந்தது. இவற்றில் எது இயற்கை? காற்றிலும் மழையிலும் விழும் குட்டிகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நம் கையால் விழுந்த குட்டியை இயற்கையின் பெயரில் விட்டுவிட்டுப் போவது நம் பொறுப்பை வேறொருவர் தலையில் கட்டுவதாகும். நாம் தட்டிவிட்ட கூட்டின் குட்டிக்கு நாம்தான் கடன்பட்டவர்கள்.

சரி, குட்டி கிடைத்துவிட்டது. முதலில் தேட வேண்டியது பால்பாட்டிலை அல்ல, அதன் தாயை. காயமில்லாத, பூனை வாய் படாத குட்டிக்கு உலகத்திலேயே சிறந்த மருத்துவமனை அதன் தாய்தான். மனித வாசம் பட்டால் தாய் ஏற்றுக்கொள்ளாது என்று தலைமுறை தலைமுறையாக ஒரு பேச்சு நம்மிடம் உலவுகிறது. அது உண்மையல்ல. குட்டியின் கீச்சொலி கேட்டால் தாய் தேடி வரும், வாயால் கவ்வித் தூக்கிக்கொண்டு வேறு கூட்டுக்குப் போகும். நாம் செய்ய வேண்டியது அதற்கு வாய்ப்புக் கொடுப்பது. குட்டி குளிர்ந்திருந்தால் முதலில் கதகதப்பாக்குங்கள். பிறகு ஒரு பனையோலைக் கொட்டானிலோ சின்ன அட்டைப்பெட்டியிலோ பழைய பருத்தித் துணியைப் பரப்பி, அடியில் வெந்நீர் நிரப்பிய சிறு பாட்டிலைத் துணி சுற்றி வைத்து, மேலே குட்டியை விடுங்கள். கூடு இருந்த மரத்திலேயே, பூனைக்கும் எறும்புக்கும் எட்டாத உயரத்தில், நிழலில் கட்டித் தொங்கவிடுங்கள். வெந்நீர் ஆறினால் மாற்றி வையுங்கள். பிறகு விலகிப் போய்விடுங்கள். இந்த ‘விலகிப் போவது’ நமக்கு மிகக் கடினமாக இருக்கிறது. பத்துப் பேர் மரத்தடியில் நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தால் எந்தத் தாய் இறங்கி வரும்? அணில் பகலில் நடமாடும் பிராணி. ஆகவே பொழுது சாயும்வரை பொறுத்திருக்கலாம். இருட்டிய பிறகு அது வராது. அப்போது குட்டியை உள்ளே எடுத்து வந்துவிடுங்கள். வேண்டுமானால் மறுநாள் விடிந்ததும் இன்னொரு முறை முயன்று பார்க்கலாம்.

தாய் வரவில்லை. அல்லது குட்டிக்கு அடிபட்டிருக்கிறது. இப்போதுதான் நம் வரிசை தொடங்குகிறது. முதலில் சூடு. ஏன் சூடு? உடல் சிறிதாகச் சிறிதாக, அதன் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு மிகுதியாகிறது. தோல் மிகுந்தால் வெப்பம் வெளியேறும் வழியும் மிகுதி. அதிலும் மயிர் முளைக்காத குட்டிக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. கூட்டில் தாயும் உடன்பிறந்த குட்டிகளும் ஒட்டிக் கிடப்பதுதான் அதன் கம்பளி. தரையில் விழுந்த குட்டி சிறிது நேரத்தில் சில்லிட்டுவிடுகிறது. சில்லிட்ட உடலில் குடல் வேலை செய்வதில்லை. அந்த நேரத்தில் உள்ளே போகும் பால் செரிக்காமல் அங்கேயே தங்கிப் புளிக்கிறது. வயிறு உப்புகிறது. மூச்சு முட்டுகிறது. குளிர்ந்த குட்டிக்கு விழுங்கும் வலுவும் இராது. வாயில் விட்ட பால் உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குப் போகிறது. நாம் ஊட்டிய அன்பு இந்த இரண்டு வழியிலும் நஞ்சாகிவிடுகிறது. ஆகவே குட்டியை எடுத்து உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் தோலைவிடச் சில்லென்று இருக்கிறதா? அப்படியானால் பாலைப் பற்றி நினைக்கவே வேண்டாம். உள்ளங்கைகளுக்கு நடுவில் பொத்திப் பிடியுங்கள், அல்லது மார்போடு அணைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இன்னொருவர் பெட்டியைத் தயார் செய்யட்டும். மூடியில் துளைகள் போட்ட செருப்புப் பெட்டி போதும். பழைய பனியன் துணியைப் பரப்புங்கள். டவல் வேண்டாம், அதன் நூல் வளையங்களில் நகம் மாட்டி விரல் முறுக்கிக்கொள்ளும். வெந்நீர் பாட்டிலை அல்லது வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் மறுபாதிக்கு நகர்ந்துகொள்ள அதற்கு இடம் வேண்டும். கொதிக்கிற நீரை ஊற்றிவிடாதீர்கள். துணிக்கு மேல் கை வைத்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக்கூடாது.

‘சித்திரை வெயிலில் நமக்கே வேர்த்துக் கொட்டுகிறது, அணிலுக்கு எதற்கு வெந்நீர்ப் பை?’ என்று கேட்கலாம். வெளியில் அனல் அடிக்கும்போது நம் வீட்டுக்குள்ளே மின்விசிறி சுழல்கிறது, ஏசி ஓடுகிறது. அந்தக் காற்று மயிரில்லாத குட்டிக்கு மார்கழிக் குளிர். மழைக்காலத்து இரவைச் சொல்லவே வேண்டாம். நனைந்து கிடந்த குட்டியைத் துடைத்துக் காயவைத்தாலும் நெடுநேரம் அதன் உடல் குளிர்ந்தே இருக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு. நடுப்பகலில் தகரக் கூரையின் கீழே பெட்டியை வைத்துவிட்டால் குட்டி வெந்துபோகும். அது கைகால் பரப்பி மல்லாந்து, வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு மிகுந்துவிட்டது என்று பொருள். உடனே வெந்நீர்ப் பையை எடுத்துவிடுங்கள். உடம்பைச் சுருட்டிக்கொண்டு அமைதியாகத் தூங்கினால் சரியான சூடு. வெப்பமானியைவிட இந்தக் குட்டியின் படுக்கை நிலையை நம்பலாம்.

அடுத்தது நீர். வெயிலில் கிடந்த குட்டி, எறும்பு கடித்த குட்டி, பல மணி நேரமாகத் தாய்ப்பால் காணாத குட்டி எல்லாமே உள்ளுக்குள் வறண்டிருக்கும். கழுத்தின் பின்புறத் தோலை மெல்லக் கிள்ளித் தூக்கி விடுங்கள். தோல் உடனே படிந்தால் நல்லது. கூடாரம்போல் சிறிது நேரம் நின்றால் உடலில் நீர் குறைந்துவிட்டது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இதற்கு உதவும். பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, வெதுவெதுப்பாக்கி, சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். முதல் ஒன்றிரண்டு வேளைக்கு இதுமட்டும்தான், பால் கிடையாது. ‘பசியில் துடிக்கிறதே, வெறும் உப்புச் சர்க்கரைத் தண்ணீரா?’ என்று வீட்டில் பாட்டிமார் பதறுவார்கள். அவர்கள் மனம் தங்கம். ஆனால் வறண்ட உடலால் பாலைச் செரிக்க முடியாது. விழுங்கவே முடியாத அளவுக்குத் துவண்டிருந்தால் வாயில் எதுவும் விடாதீர்கள். தோலுக்கு அடியில் ஊசி வழியே திரவம் ஏற்றக் கால்நடை மருத்துவரால் முடியும். அதற்கு வீட்டில் மாற்று வழி இல்லை.

இப்போது பால். எந்தப் பால் என்பதில்தான் நம் வீடுகளில் பெரும்பாலும் தவறு நடக்கிறது. பசும்பாலில் கொழுப்பு ஏறக்குறைய நான்கு விழுக்காடு, பால்சர்க்கரை அதைவிடச் சற்றே அதிகம். அணில் இனத்தின் தாய்ப்பால் அப்படிப்பட்டதல்ல. அது கெட்டியானது, கொழுப்பும் புரதமும் மிகுந்தது, சர்க்கரை குறைந்தது. ஒரு சிறு வயிற்றில் கொஞ்சமே கொள்ளும், அந்தக் கொஞ்சத்திலேயே வளர்ச்சிக்கு வேண்டிய எல்லாமும் அடங்கியிருக்க வேண்டும் என்பதால் அந்த அமைப்பு. பசும்பாலைக் கொடுத்தால் சத்து போதாது, சர்க்கரை மிகுதியால் வயிற்றுப்போக்கு வரும். வறட்சியிலிருந்து நாம் மீட்டெடுத்த குட்டி மறுபடி வறண்டுபோகும். கைக்குழந்தைக்கான பால்பவுடரும் இதற்கு ஏற்றதல்ல. அது மனிதத் தாய்ப்பாலைப் பார்த்துச் செய்தது, மனிதத் தாய்ப்பாலோ இனிப்பு மிகுந்தது. நாய்க்குட்டிகளுக்கென்று பால்பவுடர் விற்கிறார்கள், பிராணிகளுக்கான கடைகளில் கிடைக்கும். நமக்குக் கிடைப்பவற்றில் அதுதான் அணிலுக்கு அருகில் வருகிறது. அது வரும்வரை ஆட்டுப்பாலால் சமாளிக்கலாம், அதையே நம்பி வளர்க்கக்கூடாது. ‘எங்கள் தெருவில் ஒருவர் பசும்பாலிலேயே வளர்த்தார், குட்டி நன்றாகத்தானே இருந்தது?’ என்பார்கள். இருந்திருக்கலாம். கண் திறந்து மயிர் அடர்ந்த பெரிய குட்டி சில தவறுகளைத் தாங்கும். பிழைத்த குட்டியின் கதை தெருவெங்கும் பேசப்படுகிறது. பிழைக்காத குட்டிகளைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். பேசப்பட்ட கதைகளை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது அறிவுக்குப் பொருந்துமா?

எப்படிக் கொடுப்பது? இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் உயிர் போவதும் நிற்பதும் இந்த இரண்டு நிமிட வேலையில்தான். இங்க் ஃபில்லர் வேண்டாம். அதில் ஒரே அழுத்தில் பெரிய சொட்டாகப் பாய்ந்துவிடும், அளவும் தெரியாது. ஊசி நீக்கிய ஒரு மில்லி சிரிஞ்சை வாங்குங்கள். அதில் கோடுகள் போட்டிருக்கும். குட்டியை நம் பிள்ளையைப்போல் மடியில் மல்லாத்திப் போடாதீர்கள். அணில் குட்டி தாயிடம் வயிறு கீழே இருக்கும்படி பற்றிக்கொண்டுதான் குடிக்கிறது. துணியில் சுற்றி, தலை சற்றே முன்னோக்கிச் சாய்ந்திருக்க, நிமிர்த்திப் பிடியுங்கள். சிரிஞ்சின் நுனியை உதட்டோரத்தில் வைத்து ஒரு சொட்டை மட்டும் நிறுத்துங்கள். அது நக்கட்டும், உறிஞ்சட்டும். அது விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு. அவசரம் வேண்டாம். மூக்கில் பால் குமிழ் வந்தால் உடனே நிறுத்தி, தலையைத் தாழ்த்திப் பிடித்து, மூக்கைத் துடைத்துவிடுங்கள். மூச்சில் ‘டிக் டிக்’ என்ற சத்தம் கேட்டால் பால் நுரையீரலுக்குப் போயிருக்கக்கூடும், மருத்துவரிடம் ஓடுங்கள். அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு ஒரு வேளைக்குப் போதும். இருபது கிராம் குட்டிக்கு ஒரு மில்லி. ஒரே ஒரு மில்லி! நாம் அரை டம்ளர் பால் காய்ச்சி வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம். நகைக்கடைத் தராசு தேவையில்லை, கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும். நாள்தோறும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வையுங்கள். எடை ஏறினால் நாம் செய்வது சரி, இறங்கினால் ஏதோ பிழை. பாலையும் படிப்படியாகத்தான் கெட்டியாக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். கலந்த நீர்த்த பாலில் தொடங்கி, ஓரிரு நாளில் முழுப் பாலுக்கு வரலாம். கண் திறக்காத குட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்ட வேண்டும். முந்தின வேளைப் பால் செரிக்காமல் வயிறு டம்மென்று இருந்தால் அடுத்த வேளையைத் தள்ளிப்போடுங்கள்.

பால் கொடுப்பதோடு வேலை முடியவில்லை. சிறு குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது. தாய் நக்கிவிட்டால்தான் கழிக்கும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால், ஒவ்வொரு வேளையும் ஊட்டுமுன்னும் ஊட்டிய பின்னும், அடிவயிற்றின் கீழே மெல்ல மெல்லத் தடவுங்கள். சிறுநீர் வெளிர் நிறத்தில் வந்தால் நல்லது, அடர் மஞ்சளாக வந்தால் நீர் போதவில்லை. இதைச் செய்யத் தெரியாமல், பாலும் சூடும் சரியாகக் கொடுத்தும் குட்டியைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. வாயோரத்திலும் கழுத்திலும் வழிந்த பாலைத் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் தோல் புண்ணாகும், அதைவிட முக்கியமாக எறும்பு வரும். நம் ஊரில் ஓர் இரவுக்குள் எறும்புகள் ஒரு குட்டியின் கதையை முடித்துவிடும். முக்காலியின் மேல் பெட்டியை வைத்து, அதன் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். சாப்பாட்டு அலமாரிக்கு நம் முன்னோர் செய்த ஏற்பாடுதான்.

அடிபட்ட குட்டியைப் பற்றி இனி. பூனை கவ்விய குட்டி என்றால் நமக்குக் காயமே தெரியாமல் இருக்கலாம். ஊசிபோன்ற பல் குத்திய துளை மயிருக்குள் மறைந்துவிடும். ஆனால் பூனையின் வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா என்ற கிருமி அந்தத் துளை வழியே இரத்தத்தில் கலந்து ஓரிரு நாளில் குட்டியைக் கொன்றுவிடும். ஆகவே பூனை வாய் பட்டது என்று தெரிந்தாலே போதும், காயம் இருக்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோய் கிருமிக்கொல்லி மருந்து வாங்க வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைக் கரைத்துக் கொடுக்காதீர்கள். இருபது கிராம் உடலுக்கு அளவைக் கணக்கிடுவது நம்மால் ஆகும் வேலை அல்ல. மரத்திலிருந்து விழுந்து மூக்கில் இரத்தம் வந்தால் குட்டியை ஆட்டாமல் அசைக்காமல் இருட்டான, அமைதியான இடத்தில் வையுங்கள். காயத்தில் அரிசிக் குருணைபோல் வெள்ளையாக ஏதேனும் ஒட்டியிருந்தால் அது ஈ முட்டை. நம் வெப்பத்தில் ஒரே நாளில் அது புழுவாகிவிடும். அதனால் முட்டையாக இருக்கும்போதே சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். காலில் எலும்பு முறிவு என்றால் குச்சி வைத்துக் கட்ட முயலாதீர்கள். முதுகுத்தண்டு முறிந்து, மீளவே முடியாத வேதனையில் இருக்கும் குட்டிக்கு வலியில்லாத முடிவைக் கொடுப்பதும் மருத்துவரின் கடமைதான். அதை ஏற்றுக்கொள்ளும் மனத்திடமும் நமக்கு வேண்டும்.

எங்கே போவது? ‘மாட்டு டாக்டரிடம் அணிலைக் கொண்டு போனால் சிரிக்கமாட்டார்களா?’ என்று கூச்சப்பட வேண்டாம். சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிராணிகளுக்கு மருத்துவம் பார்க்கக் கற்றுத்தந்துவரும் மாநிலம் நம்முடையது. அரசு கால்நடை மருந்தகங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. தொலைபேசியில் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது நல்லது. சிறு பிராணிகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர் யார் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். ‘அணில் கடித்தால் வெறிநோய் வருமே’ என்று அஞ்சுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அணில் போன்ற சிறு கொறி விலங்குகளிடம் வெறிநோய் காணப்படுவது மிக மிக அரிது. அதற்காக அலட்சியமும் கூடாது. கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, மருத்துவரிடம் காட்டுங்கள். குட்டியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கை கழுவுங்கள். அச்சத்துக்கு விடை கைகழுவுவதுதான், குட்டியைக் கைகழுவுவது அல்ல.

மூன்று நான்கு வாரத்தில் கண் திறக்கும். பிறகு ஓரிரு வாரத்தில் கொறிக்கத் தொடங்கும். இந்தக் கட்டத்தில் நம் வீடுகளில் வேறொரு கேடு நுழைகிறது. பிஸ்கட், மிக்சர், சாதம், வறுத்த வேர்க்கடலை என்று கண்டதையும் கொடுத்து, அது இரு கையாலும் பிடித்துத் தின்னும் அழகைப் பார்த்து மகிழ்கிறோம். கடலையிலும் சூரியகாந்தி விதையிலும் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. அதையே தின்று வளரும் குட்டி தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை இழக்கிறது. ஒரு நாள் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகரும். விழவே இல்லை, எப்படி முறிந்தது என்று நாம் வியப்போம். முருங்கைக்கீரை, கொய்யா, அத்திப்பழம், முளைகட்டிய பயறு, இலையும் பட்டையுமாக ஒரு மரக்கிளை, இவைதான் அதற்கு உணவு. நாள்தோறும் சிறிது நேரம் இளவெயிலும் வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயில் போதாது.

இப்போது மிகக் கடினமான மறுப்புக்கு வருகிறேன். ‘இவ்வளவு பாடுபட்டு வளர்த்துவிட்டு ஏன் அனுப்ப வேண்டும்? எங்களோடு மகிழ்ச்சியாகத்தானே இருக்கிறது? தோளில் ஏறுகிறது, கூப்பிட்டால் வருகிறது.’ இதைச் சொல்பவர்களின் பாசத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தோளில் ஏறும் அதே குட்டி, வேறு வழியில்லாததால்தான் தோளில் ஏறுகிறது. அதற்குத் தெரிந்த மரம் நீங்கள் ஒருவர்தான். ஒன்பது மாதத்தில் அது முழு வளர்ச்சி அடையும். அப்போது துணை தேடும், எல்லை வகுக்கும், கடிக்கும். கூண்டில் அடைப்போம். காட்டுயிர்களைப் பிடித்துவைப்பதைக் கட்டுப்படுத்த 1972-இலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றிய நாடு இது. ஆகவே குட்டி எடுத்தவுடன் அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்துக்கோ அனுபவமுள்ள மீட்பு அமைப்புக்கோ தெரிவித்துவிடுவதுதான் முறை. வளர்த்த அணிலை வெளியே விட முடியாத நாடும் உண்டு. பிரிட்டனில் வட அமெரிக்காவின் சாம்பல் அணிலை 1876 முதல் கொண்டுவந்து விட்டார்கள். அது அங்கே பெருகி, உள்நாட்டுச் சிவப்பு அணிலை ஓரங்கட்டியது. இன்று அங்கே மீட்டெடுத்த சாம்பல் அணிலைத் திரும்ப வெளியே விடச் சட்டம் இடம் தருவதில்லை. காப்பாற்றியவர்களுக்கு எவ்வளவு பெரிய தர்மசங்கடம்! நமக்கு அந்தத் தடை இல்லை. நம் அணில் இந்த மண்ணுக்கே உரியது, திறந்துவிட்டால் போவதற்கு அதன் சொந்த மரம் காத்திருக்கிறது. அந்த வாய்ப்பை நாமே ஏன் மூடிக்கொள்ள வேண்டும்? இரண்டு குட்டிகள் கிடைத்தால் சேர்த்தே வளருங்கள், ஒன்றையொன்று பார்த்து அணிலாகவே வளரும். பத்துப் பன்னிரண்டு வாரத்தில், மரநிழலில் வைத்த பெரிய கூண்டில் சில நாள் பழக்கி, பிறகு கதவைத் திறந்து வையுங்கள். தீனியும் தண்ணீரும் அங்கேயே தொடர்ந்து வையுங்கள். நாய் பூனை நடமாட்டம் குறைந்த இடமாக இருக்கட்டும். முதலில் இரவில் திரும்பி வரும். பிறகு வருவது குறையும். வராமல் போவதுதான் நீங்கள் பட்ட பாட்டின் வெற்றி.

‘ஊரெல்லாம் அணில். ஒன்று செத்தால் இனம் அழிந்துவிடுமா?’ அழியாது. இந்த அணில் அழிவின் விளிம்பில் இருக்கும் இனமே அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையின் சாம்பல் நிறப் பெரிய அணிலுக்கு 1988-இல் சரணாலயம் அமைத்தோம், அங்கே இனத்தைக் காக்கிறோம். இங்கே நாம் காப்பது இனத்தை அல்ல, கையில் கிடக்கும் ஒரு குட்டியை. குளிரையும் வலியையும் அனுபவிப்பது இனமல்ல, அந்தக் குட்டிதான். எண்ணிக்கையில் குறைந்தவற்றுக்கு மட்டுமே இரக்கம் என்றால் தமிழ் பேசும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட மக்களில் ஒருவர் சாலையில் விழுந்தால் யார் தூக்குவது?

மாணவச் செல்வங்களே, வீட்டுக்குப் போய் இந்த வரிசையை உங்கள் அம்மாவிடமும் பாட்டியிடமும் சொல்லுங்கள். ஒரு செருப்புப் பெட்டி, பழைய பனியன் துணி, ஒரு மில்லி சிரிஞ்ச், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்று, இவற்றை வீட்டில் ஓரிடத்தில் எடுத்து வையுங்கள். பக்கத்தில் உள்ள கால்நடை மருந்தகத்தின் தொலைபேசி எண்ணைக் கேட்டு அந்தப் பெட்டியின் மூடியிலேயே எழுதுங்கள். பெரியவர்களே, அடுத்த முறை தென்னையில் மட்டை கழிக்க ஆள் வரும்போது, அரிவாளை எடுப்பதற்கு முன் சந்துகளில் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள். குட்டிகள் இருந்தால் அந்த ஒரு மட்டையை மட்டும் ஒன்றரை இரண்டு மாதம் விட்டுவையுங்கள்.